கொடுப்பில் வெண்படலம், பயாப்சியில் 'மைல்டு டிஸ்பிளேசியா': புற்றாக மாறும் வாய்ப்பு எவ்வளவு?

காவிரிக்கிளை கேட்டது:

வணக்கம். மாமியாருக்காகக் கேட்கிறேன். விவரம் முழுசாகத் தருகிறேன். முடிந்தவரை எண்ணாகவே பதில் சொல்லுங்கள்.

வயது 61. சுமார் 35 வருடமாக வெற்றிலை, சீவல், சுண்ணாம்பு, புகையிலை. நாளைக்கு 8 முதல் 10 தடவை. இடது கொடுப்பில் அடக்கிக்கொள்ளும் பழக்கம். படலமும் அங்கேதான், நீளம் 3 செ.மீ., அகலம் 1.5 செ.மீ. துணியால் துடைத்தால் போகவில்லை. பின்பக்க ஓரத்தில் மட்டும் கொஞ்சம் சிவந்து புள்ளிபுள்ளியாக இருக்கிறது. வலி இல்லை, காரம் பட்டால் எரிச்சல். வாய் திறப்பு 28 மி.மீ. சர்க்கரை உண்டு, மாத்திரை எடுக்கிறார்.

பயாப்சி ஒரே ஒரு இடத்தில், படலத்தின் நடுவில் எடுத்தார்கள். ரிப்போர்ட்டில் இருப்பது: கெரட்டின் (மேலடுக்கைத் தடிக்க வைக்கும் புரதம்) மிகை, மைல்டு டிஸ்பிளேசியா (செல்களின் வடிவமும் அடுக்கும் குலைவது), மேலடுக்கில் கேண்டிடா பூஞ்சை இழைகள், புற்று இல்லை.

ஒரு மருத்துவர் "பழக்கத்தை விடுங்கள், ஆறு மாதம் கழித்துப் பார்க்கலாம்" என்றார். இன்னொருவர் "லேசரில் சுட்டுவிடலாம், அரை மணி வேலை" என்கிறார். இப்போது புகையிலையை விட்டாச்சு. வெற்றிலை, சீவல், சுண்ணாம்பு மட்டும்தான், அதுவும் நாளைக்கு மூன்று தடவை.

இது புற்றாக மாற எத்தனை சதவீத வாய்ப்பு? காத்திருப்பதா, எடுப்பதா? புகையிலை இல்லாத வெற்றிலை பரவாயில்லையா?

---

பல்லாண்டு (பல் மருத்துவர், வாய் மருத்துவப் பிரிவு):

எண் தருகிறேன். ஆனால் அதை அப்படியே உங்கள் மாமியார் தலையில் தூக்கி வைத்துவிடாதீர்கள்.

2020இல் வந்த, பல ஆய்வுகளைச் சேர்த்துக் கணக்கிட்ட ஒரு பெரிய தொகுப்பாய்வுப்படி, லூக்கோபிளேக்கியா என்கிற வெண்படலம் புற்றாக மாறியது 9.5%. வாய் இறுகிப்போகும் சப்மியூக்கஸ் ஃபைப்ரோசிஸ் 5.2%. வெண்கோடுகளாகத் தெரியும் லைக்கன் பிளானஸ் 1.4%. எரித்ரோபிளேக்கியா என்கிற செந்திட்டு 33.1%. ஈறோரமாகப் படர்ந்து, வெட்ட வெட்ட முளைக்கும் வெருக்கஸ் வகை லூக்கோபிளேக்கியா 49.5%, அதாவது பாதிக்குப் பாதி.

இன்னும் இரண்டு எண்களைப் பாருங்கள். அமெரிக்க வாய்நோய் ஆய்வாளர் சோல் சில்வர்மன் குழு 1976இல் வெளியிட்ட ஆய்வில், வெண்படலம் இருந்த 4,762 குஜராத் தொழிலாளர்களை இரண்டு ஆண்டு தொடர்ந்தார்கள். ஆறு பேருக்குப் புற்று வந்தது: 0.13%. அதே சில்வர்மன் 1984இல் வெளியிட்ட கலிபோர்னியா ஆய்வில் 257 பேர், சராசரி 7.2 ஆண்டு: 17.5%. ஆய்வாளர் ஒருவர், நோயின் பெயர் ஒன்று, எண்ணில் நூறு மடங்குக்கும் மேல் வித்தியாசம். வேலையிடத்தில் எல்லோர் வாயையும் திறக்கச் சொல்லிப் பார்த்தால், பீடிப் பழக்கத்தில் வந்த லேசான படலம் எல்லாம் கணக்கில் ஏறிவிடும். மருத்துவமனை வரை வந்தவர்கள் ஏற்கனவே சல்லடையில் தங்கியவர்கள். பின்தொடர்ந்த காலமும் அங்கே நீளம். ஆகவே "வெண்படலம் என்றால் இத்தனை சதவீதம்" என்று யாராவது ஒரே எண்ணைச் சொன்னால், எங்கே, யாரை, எத்தனை வருடம் பார்த்த எண் என்று கேளுங்கள்.

உங்கள் பதிவில் ரிப்போர்ட்டைவிட என் கண்ணில் பட்டது "பின்பக்க ஓரத்தில் சிவந்து புள்ளிபுள்ளியாக" என்ற வரிதான். சீரான வெள்ளை ஒரு விஷயம், வெள்ளையும் சிவப்பும் கலந்தது வேறு விஷயம். கோபன்ஹேகனில் 2006இல் வந்த ஆய்வில் சீரற்ற படலத்துக்கு ஆபத்து சுமார் 7 மடங்கு. 200 சதுர மி.மீ.க்கு மேல் இருந்தால் சுமார் 5 மடங்கு. 3 செ.மீ.க்கு 1.5 செ.மீ. நீள்வட்டம் என்று வைத்தால் ஏறத்தாழ 350 சதுர மி.மீ. வருகிறது. இரண்டு அடையாளமும் இவருக்கு இருக்கிறது.

மேலைநாட்டுப் பாடநூல்களில் நாக்கின் ஓரமும் நாக்கின் அடியும்தான் அபாய இடம், கன்னத்தின் உட்புறம் அவ்வளவு இல்லை என்று எழுதியிருக்கும். கொடுப்பில் அடக்கிப் பழகிய வாய்க்கு அந்த ஆறுதல் செல்லாது. சாறு ஊறிக்கிடக்கும் கன்னமும், கன்னமும் கீழ் ஈறும் சேரும் பள்ளமும்தான் நம் ஊரில் புற்று அதிகம் பார்க்கும் இடம்.

அடுத்தது அந்த 28 மி.மீ. பெரியவர்களுக்கு 35க்குக் கீழே போனாலே குறைவு. பாக்குப் பழக்கமும் எரிச்சலும் சேர்ந்திருப்பதால், கன்னத்தைத் தடவினால் நார்ப்பட்டை போலக் கையில் தட்டுகிறதா, சதை வெளிறிப் பளிங்கு நிறமாக இருக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். அப்படி இருந்தால் அது சப்மியூக்கஸ் ஃபைப்ரோசிஸாகத்தான் இருக்கும். எர்ணாகுளத்தில் 66 பேரை 17 ஆண்டு தொடர்ந்த ஆய்வில் 7.6% பேருக்குப் புற்று வந்தது. இவருக்கு அதன் மேல் வெண்படலமும் உண்டு. வாய் சரியாகத் திறக்காவிட்டால் கடைவாய்க்குப் பின்னால் இருப்பது மருத்துவர் கண்ணுக்கே தெரியாமல் போவது தனித் தொல்லை.

இப்போது செய்யவேண்டிய வரிசை. முதலில் பூஞ்சை. க்ளோட்ரிமசோல் வாய்ப் பூச்சு ஒரு நாளைக்கு 3, 4 முறை, 14 நாள். பூசிய பிறகு அரை மணி தண்ணீர்கூட வேண்டாம். மாத்திரையாக ஃப்ளூகோனசோல் எழுதினால், ரத்தம் உறையாமல் தடுக்கும் வார்ஃபரின் எடுக்கிறாரா என்று முதலில் சொல்லிவிடுங்கள், இரண்டும் சேர்ந்தால் ரத்தக்கசிவு வரலாம். சர்க்கரை கட்டில் இல்லாவிட்டால் பூஞ்சை திரும்பத் திரும்ப வரும். பல்செட் இருந்தால் இரவில் கழற்றி வைக்கவேண்டும். அங்கே கூர்மையான பல்லோ வேர்த்துண்டோ உரசினால் ராவிவிட வேண்டும், அல்லது எடுத்துவிட வேண்டும். எரிச்சலுக்கு என்று கடையில் ட்ரையாம்சினலோன் களிம்பு வாங்கித் தடவாதீர்கள். அது ஸ்டீராய்டு, பூஞ்சைக்குத் தீனி. சிவப்பையும் தற்காலிகமாக மறைத்துவிடும்.

பிறகு மூன்றாவது வாரம் மறுபடி பார்த்து, அந்தச் சிவந்த ஓரத்தில் இரண்டாவது பயாப்சி. ஆறு மாதம் அல்ல. தொட்டால் கெட்டியாக இருந்தாலோ, புண் ஆகியிருந்தாலோ, பூஞ்சை மருந்துக்கெல்லாம் காத்திருக்க வேண்டாம், இந்த வாரமே.

---

நுண்ணோக்கி (வாய் நோய்க்குறியியல்):

பல்லாண்டு சொன்ன இரண்டாவது பயாப்சியை நான் இன்னும் அழுத்திச் சொல்வேன். "மைல்டு" என்ற சொல்லை வீட்டில் எல்லோரும் "லேசான நோய்" என்று படிக்கிறார்கள். அது அந்த 5 மி.மீ. துணுக்கைப் பற்றிய சொல், மீதி 3 செ.மீ. படலத்தைப் பற்றியது அல்ல.

கண்ணாடித் தகட்டில் நாங்கள் பார்ப்பது இது. வாயின் மேலடுக்கை உயரவாட்டில் மூன்றாகப் பிரித்துக்கொள்வோம். செல்களின் வடிவக்கேடும் அடுக்குக் குலைவும் அடிப்பகுதி மூன்றிலொரு பங்கில் நின்றால் மைல்டு, நடுப்பங்கு வரை ஏறினால் மாடரேட், அதற்கும் மேலே போனால் சிவியர். அடிச்சவ்வைத் தாண்டிக் கீழே இறங்கினால்தான் புற்று. இந்தக் கோடுகள் வாயில் வரைந்து வைக்கப்படவில்லை. ஒரே தகட்டை இரண்டு பேர் பார்த்தால் ஒருவர் மைல்டு என்பார், இன்னொருவர் மாடரேட் என்பார். அதனால்தான் குறைந்த தரம், உயர்ந்த தரம் என்று இரண்டாக மட்டும் பிரிக்கும் முறையும் நடைமுறையில் இருக்கிறது. 2009இல் வந்த தொகுப்பாய்வில் டிஸ்பிளேசியா உள்ளவர்களில் மொத்தம் 12.1% பேருக்குப் புற்று, சராசரியாக 4.3 ஆண்டில். சிவியர் தரத்தில் 24.1%, மைல்டும் மாடரேட்டும் சேர்ந்து 10.3%. கவனியுங்கள், குறைந்த தரமும் சுழியம் இல்லை.

பூஞ்சை இழை இருந்தால் இன்னொரு சிக்கல். கேண்டிடா கிளப்பும் அழற்சியில் அடிச்செல்கள் பெருத்து, கருத்து, டிஸ்பிளேசியா மாதிரியே வேஷம் போடும். பூஞ்சை போன பிறகு எடுத்த துணுக்கில் தரம் இறங்கியும் இருக்கலாம். அப்படி இறங்காவிட்டால் அது நிஜம்.

நடுவில் எடுத்தது ஏன் போதாது? வெண்படலத்தில் மிகத் தடித்த வெள்ளை பெரும்பாலும் வெறும் கெரட்டின். மாற்றம் முற்றியிருப்பது சிவந்த இடம், புள்ளியிட்ட இடம், சொரசொரப்பான இடம், கையில் கெட்டியாகத் தட்டும் இடம். 3 செ.மீ. படலத்துக்கு இரண்டு மூன்று துணுக்கு வேண்டும், ஒவ்வொன்றும் தனிக் குப்பியில், எந்த இடம் என்று எழுதி. ஒரே குப்பியில் மூன்றையும் போட்டு அனுப்பினால் எது எங்கிருந்து வந்தது என்று எங்களால் சொல்ல முடியாது.

ஆய்வகத்துக்கு வந்து சேரும் கோளாறுகளைச் சொல்கிறேன், எடுப்பவரிடம் தயங்காமல் கேளுங்கள். மேலாகச் சீவிய துணுக்கில் அடிச்சவ்வும் அதன் கீழ்த் திசுவும் வராது, ஊடுருவல் இருக்கிறதா என்று சொல்லவே முடியாது. இடுக்கியால் அழுத்திப் பிடித்தால் செல்கள் நசுங்கி மை போல ஒழுகியிருக்கும். மின்சூட்டுக் கருவியால் வெட்டினால் ஓரம் வெந்துபோகும். மரப்பூசியைப் படலத்துக்குள்ளேயே செலுத்தினால் திசு உப்பி அடுக்குகள் பிரிந்து தெரியும், சுற்றிலும் போடவேண்டும். குப்பியில் 10% பஃபர்டு ஃபார்மலின், திசுவின் கனஅளவைப்போல 10 மடங்காவது. சலைனில் போட்டு மறுநாள் அனுப்பினால் அழுகிவிடும். ஸ்பிரிட்டில் போட்டால் சுருங்கிவிடும்.

லேசரில் "சுட்டுவிடலாம்" என்றாரே, அதுதான் எனக்கு உறுத்துகிறது. ஆவியாக்கிவிட்டால் எங்களுக்குப் பார்க்க ஒன்றும் மிஞ்சாது. அந்தச் சிவந்த ஓரத்தில் தொடக்கநிலைப் புற்று இருந்தால் அது யாருக்கும் தெரியாமல் எரிந்துபோகும், அடியில் மிஞ்சியது வளரும். லேசரே என்றாலும் வெட்டி எடுக்கிற லேசர், திசு முழுசாக ஆய்வகத்துக்கு வரவேண்டும்.

இன்னொன்று. முதல் பயாப்சியின் துணுக்கைப் பதித்து வைத்த மெழுகுக் கட்டியும் தகடும் ஆய்வகத்தில் பத்திரமாக இருக்கும். எழுதிக் கேட்டால் கொடுப்பார்கள். இரண்டாவது கருத்து வேண்டுமானால் ரிப்போர்ட் தாளின் நகல் போதாது, கட்டியையே வாங்கிக்கொண்டு போங்கள்.

---

காவிரிக்கிளை:

மிக்க நன்றி. கெட்டியாக இல்லை, புண்ணும் இல்லை, இன்றைக்கு விரல் விட்டுப் பார்த்தோம். பூஞ்சை மருந்து முடிந்து இரண்டாவது பயாப்சியிலும் மைல்டு என்றே வந்தால் எடுப்பதா, வேண்டாமா? எடுத்துவிட்டால் பயம் தீருமா?

---

நேர்கோடு (தலை, கழுத்து அறுவை):

என் பதில்: எடுக்கலாம். பயம் தீராது.

நுண்ணோக்கி குறிப்பிட்ட அதே 2009 தொகுப்பாய்வில், டிஸ்பிளேசியா இடத்தை வெட்டி எடுத்தவர்களில் 5.4% பேருக்கும், எடுக்காதவர்களில் 14.6% பேருக்கும் புற்று வந்தது. அறுவைக்கு ஆதரவாக இந்த எண்ணை எல்லோரும் சொல்வார்கள், நானும் சொல்கிறேன். ஆனால் பல்லாண்டு சொன்ன கோபன்ஹேகன் ஆய்வில் கதை தலைகீழ். வெட்டி எடுத்த 94 இடங்களில் 12% பின்னால் புற்றானது, வெட்டாமல் பார்த்துவந்த 175இல் 4% மட்டும். வெட்டியதால் புற்று வந்தது என்று அர்த்தமில்லை. மோசமானதாகத் தெரிந்ததைத்தான் வெட்ட அனுப்பியிருப்பார்கள். இவருக்கு வெட்டு, அவருக்குக் காத்திருப்பு என்று குலுக்கிப் போட்டுப் பார்த்தால்தான் நேர்மையான ஒப்பீடு கிடைக்கும். சிகிச்சை ஆய்வுகளைத் திரட்டி எடைபோடும் காக்ரேன் அமைப்பின் 2016 மதிப்பாய்வு தேடியபோது அறுவையை அப்படிச் சோதித்த ஆய்வு ஒன்றுகூட இல்லை.

பிறகு ஏன் எடுக்கச் சொல்கிறேன்? முழுப் படலமும் ஆய்வகத்துக்குப் போகிறது, ஒளிந்திருப்பது வெளியே வருகிறது. சிவப்பு கலந்த, 200 சதுர மி.மீ.க்கு மேலான படலத்துக்கு அதுவே போதுமான காரணம். சீரான, மெல்லிய, சின்ன வெள்ளையாக இருந்து பழக்கத்தை விட்ட பிறகு சுருங்கவும் செய்தால் நான் கத்தி எடுக்கமாட்டேன்.

எடுத்தாலும் திரும்ப வருவது சகஜம். அங்கேயே வரும், பக்கத்திலும் வரும். 35 வருடம் சாறு ஊறியது ஒரு திட்டில் மட்டுமா? வாய் முழுக்கத்தான். கண்ணுக்குச் சாதாரணமாகத் தெரியும் சதையிலும் மரபணுக் கோளாறு பரவியிருக்கும். வெட்டும்போது தெரியும் ஓரத்துக்கு அப்பால் 3 முதல் 5 மி.மீ. சேர்த்து எடுப்போம், அதற்கு மேல் போனாலும் வாய் முழுவதையும் எடுத்துவிட முடியாதே.

உங்கள் மாமியார் விஷயத்தில் கூடுதலாக ஒன்று. ஏற்கனவே நார்கட்டி 28 மி.மீ.யில் நிற்கும் வாயில் 3 செ.மீ. புண்ணைத் தானாக ஆறவிட்டால், தழும்பு சுருங்கி 20க்கும் கீழே போய்விடலாம். கன்னக் கொழுப்புத் திண்டை இழுத்து மூடுவது அல்லது கொலாஜன் ஒட்டு வைப்பது, மறுநாளிலிருந்தே வாய்ப்பயிற்சி, இதெல்லாம் திட்டத்தில் இருக்கிறதா என்று முன்கூட்டியே கேளுங்கள். "அரை மணி வேலை" என்பவர் இந்தக் கேள்விக்கு என்ன பதில் சொல்கிறார் என்று பாருங்கள்.

காத்திருப்பதால் என்ன கெட்டுப்போகும் என்பவர்களுக்கு: புற்றாகிவிட்டால் 1 செ.மீ. கட்டியாக இருந்தாலும் கழுத்து நெறிகளையும் சேர்த்தே எடுப்பதுதான் பெரும்பாலும் வழி. மும்பை டாட்டா மெமோரியல் 2015இல் வெளியிட்ட ஆய்வில், தொடக்கநிலை வாய்ப்புற்றுக்குக் கழுத்தையும் சேர்த்தே அறுவை செய்தவர்களில் மூன்று ஆண்டு கழித்து 80% பேர் உயிரோடு இருந்தார்கள். நெறி வீங்கட்டும், அப்புறம் பார்ப்போம் என்று விட்டவர்களில் 67.5%. படலமாக இருக்கும்போது செய்யும் வேலைக்கும் அதற்கும் ஒப்பே இல்லை.

---

பல்லாண்டு:

நேர்கோட்டோடு முக்கால்வாசி ஒத்துப்போகிறேன். கால்வாசி வேறுபாடு இது: சிவந்த ஓரம் பூஞ்சை மருந்தில் முழுசாக மறைந்து, இரண்டு மூன்று இடத்துப் பயாப்சியிலும் மைல்டுக்கு மேல் வராமல், பாக்கும் நின்றால், நார்கட்டிய வாயில் நான் உடனே வெட்டச் சொல்லமாட்டேன். மூன்று மாதத்துக்கு ஒருமுறை பார்ப்பேன். சிவப்பு அப்படியே நின்றாலோ தரம் மாடரேட்டாக வந்தாலோ நேர்கோட்டிடம் அனுப்பிவிடுவேன்.

வெட்டினாலும் வெட்டாவிட்டாலும் பார்வை ஆயுள் முழுக்க. முதல் ஒன்றிரண்டு வருடம் மூன்று மாதத்துக்கு ஒருமுறை, மாற்றமே இல்லாவிட்டால் ஆறு மாதம். ஐந்து வருடம் ஒன்றும் ஆகவில்லை என்று நிறுத்துகிறவர்கள் உண்டு. பத்தாவது வருடத்திலும் மாறியிருக்கிறது. படலத்தை மட்டும் அல்ல, வாய் முழுவதையும், கழுத்தையும் பார்க்கவேண்டும்.

நீல மை தடவிப் பார்ப்பது, நீல ஒளிக் கருவியில் பார்ப்பது பற்றி யாராவது சொல்வார்கள். எங்கே துணுக்கு எடுக்கலாம் என்று இடம் தேர ஓரளவு உதவும். பயாப்சிக்குப் பதிலாகாது. பூஞ்சைப் புண்ணும் சாதாரணப் புண்ணும்கூட நீலம் பிடிக்கும்.

---

தென்காசிச் செவிலி (புகையிலை மீட்பு ஆலோசனை):

புகையிலையை விட்டது பெரிய காரியம், அதை முதலில் அத்தையிடம் சொல்லுங்க. ஆனா சீவல் போகுதே, அதுதான் இப்போ பிரச்சனை. உலகப் புற்றுநோய் ஆய்வு முகமை புகையிலை இல்லாத வெற்றிலைப் பாக்கையும் 2004 தொகுதியிலேயே முதல் வகுப்புப் புற்றுக்காரணின்னு போட்டாச்சு. பாக்கும் அதே வகுப்புதான். வாயை நார்கட்ட வைக்கிறது புகையிலை இல்லைங்க, பாக்கு. பாக்கில இருக்கிற அரிக்கோலின்ங்கிற பொருள் வாய்ச் சதையில நாரைச் சுரக்க வைக்குது. பாக்கில இருக்கிற செம்பு அந்த நாரைக் குறுக்குக் கட்டா முறுக்கி, கரையாம பண்ணிடுது. சுண்ணாம்பு அந்த இடத்தை அரிச்சுப் புண்ணாக்கி உள்ளே இறங்க வழி பண்ணும். வெறும் வெற்றிலையை மட்டும் மென்னா இந்த வம்பு இல்லை, ஆனா பாக்கில்லாத வெற்றிலை ரெண்டு நாள்ல பாக்கோட வெற்றிலை ஆயிடும். கொஞ்ச காலத்துக்கு வெற்றிலைச் செல்லத்தையே (பெட்டியையே) வீட்டிலிருந்து அகற்றுவதுதான் நடக்கிற காரியம்.

காலையில எழுந்து அரை மணிக்குள்ள கை செல்லத்துக்குப் போகுதுன்னா பழக்கம் ஆழம்னு அர்த்தம். நிக்கோட்டின் சூயிங்கம் எல்லாரும் சொல்வாங்க, கடையில 2 மி.கி. கிடைக்கும். ஆனா 28 மி.மீ. திறக்கிற, எரியிற வாய்க்குச் சூயிங்கம் மெல்றது கஷ்டம். சப்புற மாத்திரையோ தோல்ல ஒட்டுற பட்டையோ பொருந்துமான்னு மருத்துவரைக் கேளுங்க. சூயிங்கம்தான்னா சாதா கம் மாதிரி மென்னுகிட்டே இருக்கக்கூடாது. சுருக்குன்னு உறைக்கிற வரை மென்னு, வலது பக்கம் அடக்கணும், படலம் இருக்கிற இடது பக்கம் வேண்டாம். உறைப்பு போனதும் திரும்ப மெல்லணும். காபியோ எலுமிச்சை ஜூஸோ குடிச்சு 15 நிமிஷத்துக்குள்ள போட்டா மருந்து ஏறாது. அப்புறம், நிக்கோட்டின் புகையிலை ஏக்கத்தைத்தான் தணிக்கும். பாக்கு ஏக்கம் தனி, அதுக்கு இது மருந்து கிடையாது. சாப்பாடு முடிஞ்ச கையோட வர்ற அந்தப் பத்து நிமிஷத்தைத் தாண்டணும். சோம்பு கொஞ்சம், கொய்யாத் துண்டு, எழுந்து நடக்கிறது, எது நடக்குதோ அது. கிராம்பு வேண்டாம், எரியும்.

தேசியப் புகையிலை மீட்பு எண் 1800-11-2356, பொட்டலத்திலேயே அச்சடிச்சிருக்கும். கட்டணம் இல்லை.

வாய்ப்பயிற்சிக்கு ஐஸ் குச்சி போதும். கொதிக்க வச்ச தண்ணியில போட்டு எடுத்து ஆறவிடுங்க. இறுக்கமா நுழையுற எண்ணிக்கையில அடுக்கி, கடைவாய்ப் பல்லுக்கு நடுவுல வைக்கணும். முன்பல்லுல வச்சா பல் ஆடிப்போகும். ஒரு நிமிஷம் வச்சிருந்து எடுக்கணும், ஒரு வேளைக்கு அஞ்சு தடவை, நாளைக்கு நாலஞ்சு வேளை, ரெண்டு பக்கமும் மாத்தி மாத்தி. சுலபமா ஆனதும் ஒரு குச்சி கூட்டுங்க. குச்சி ஒண்ணு சுமார் 2 மி.மீ. வாரம் ஒருமுறை மேல் கீழ் முன்பல் நுனிக்கு நடுவுல அளந்து எழுதி வைங்க, அதே ரெண்டு பல்லுல. கன்னத்துல திசுவை இளக்குற ஹயலுரோனிடேஸும் ஸ்டீராய்டும் சேர்த்து ஊசி போடுவாங்க. திறப்பு கொஞ்சம் கூடும், எரிச்சல் குறையும். பாக்கை விடாம ஊசி மட்டும் போட்டுக்கிட்டா பழையபடி இறுகிடும். ஏற்கனவே கட்டின நார் முழுசா கரையாது, அதையும் சொல்லிடறேன். திறப்பு நல்லா ஆச்சுன்னு புற்று அபாயம் போயிடுச்சுன்னும் நினைக்கக்கூடாது.

வீட்டுல வேற யார் போடுறாங்க? அவங்க வாயையும் பார்த்துடுங்க. திருவனந்தபுரம் மாவட்டத்துல 1996ல தொடங்கி 13 ஊராட்சிகள்ல சுமார் 1,92,000 பேரை வச்சு ஒரு ஆய்வு. பயிற்சி பெற்ற பணியாளர்கள் வீடு வீடாப் போய்க் கண்ணால பார்த்தாங்க, அவ்வளவுதான். பரிசோதிச்ச ஊராட்சிகள்ல புகையிலை, மதுப் பழக்கம் இருந்தவங்க மத்தியில வாய்ப்புற்றுச் சாவு 34% குறைஞ்சது. பழக்கமே இல்லாதவங்ககிட்ட பெரிய பலன் தெரியல. ஆக, வெற்றிலைச் செல்லம் இருக்கிற வீட்டுல ஒரு டார்ச் லைட் வேலைக்கு ஆகும்.

---

பச்சைமஞ்சள்:

மஞ்சள், ஆன்டி ஆக்ஸிடன்ட் மாத்திரை சாப்பிட்டால் வெண்படலம் கரையும் என்கிறார்களே? தக்காளியில் இருக்கும் லைக்கோபீனை மாத்திரையாக எழுதித் தருகிறார்கள்.

---

நுண்ணோக்கி:

படலம் வெளிறுவது உண்டு. வைட்டமின் ஏ வகை மருந்து, பீட்டா கரோட்டின், லைக்கோபீன், மூன்றிலும் சில ஆய்வுகளில் படலம் சிறுத்தது. நேர்கோடு சொன்ன அதே காக்ரேன் மதிப்பாய்வு பார்த்தது, இவற்றால் புற்று வருவது தடுக்கப்பட்டதா என்பதை. அப்படித் தடுத்ததாக எந்த மருந்துக்கும் ஆதாரம் கிடைக்கவில்லை. நிறுத்தினதும் பலருக்குப் படலம் திரும்பி வந்தது. ஆபத்து இதில்தான்: வெள்ளை மங்கியதும் குணமாகிவிட்டது என்று பரிசோதனைக்குப் போவதை விட்டுவிடுகிறார்கள். புகைபிடிப்பவருக்குப் பீட்டா கரோட்டின் மாத்திரை கொடுக்கவே கூடாது. 1994இல் பின்லாந்தில் வந்த ஆய்வில் அதை எடுத்த புகைப்பழக்கக்காரர்களுக்கு நுரையீரல் புற்று கூடியது. குழம்பில் போடும் மஞ்சளுக்குத் தடை இல்லை. மஞ்சளும் சுண்ணாம்பும் குழைத்துப் படலத்தில் பூசுவது வேண்டாம். வெந்துபோன இடத்தில் எடுத்த துணுக்கைப் படிப்பது எங்களுக்குப் பெரும்பாடு.

---

காவிரிக்கிளை:

செல்லத்தை நாத்தனார் வீட்டுக்கு அனுப்பியாச்சு. பூஞ்சை மருந்து தொடங்கிவிட்டோம், மூன்றாவது வாரத்துக்கு நேரம் வாங்கியிருக்கிறேன். போகும்போது என்னவெல்லாம் எடுத்துப் போகட்டும்? நடுவில் வீட்டில் எப்படிப் பார்ப்பது?

---

பல்லாண்டு:

பழைய ரிப்போர்ட், முடிந்தால் மெழுகுக் கட்டி, சர்க்கரையின் மூன்று மாதச் சராசரி அளவு, மாத்திரைச் சீட்டு முழுவதும். ரத்தம் உறையாமல் தடுக்கும் மாத்திரை இருந்தால் நீங்களாக நிறுத்தாதீர்கள், சொல்லிவிட்டால் போதும்.

படம் எடுத்து வையுங்கள். வாய் கொப்பளித்து, படலத்தைப் பஞ்சால் ஒற்றி ஈரம் போக்கி, கரண்டிக் காம்பால் கன்னத்தை விலக்கி, பக்கத்தில் சின்ன அளவுகோலைப் பிடித்து, பகல் வெளிச்சத்தில். செல்பேசியின் ஃபிளாஷ் அடித்தால் ஈரம் பளபளத்து வெள்ளையாகவே தெரியும், சிவப்பு மறைந்துபோகும். 15 நாளைக்கு ஒரு படம், அதே கோணம். "பெரிசான மாதிரி இருக்கு, இல்லாத மாதிரியும் இருக்கு" என்று மருத்துவரிடம் சொல்வதைவிட அது நூறு மடங்கு உதவும்.

பார்க்கும்போது கீழ்க்கன்னப் பள்ளத்தை உதட்டை இழுத்துப் பாருங்கள். நாக்கு நுனியைத் துணியால் பிடித்து இரண்டு பக்கமும் திருப்பிப் பின்னோரம் வரை பாருங்கள், பிறகு நாக்கை மேலே தூக்கச் சொல்லி அடிப்பக்கம். கையுறை போட்ட விரலால் படலத்தின் ஓரத்தைத் தடவுங்கள். தாடைக்குக் கீழும் கழுத்துப் பக்கவாட்டிலும் நெறி கட்டியிருக்கிறதா என்று அழுத்திப் பாருங்கள். படலம் கெட்டிப்படுவது, தானாக ரத்தம் கசிவது, இரண்டு வாரத்துக்கு மேல் ஆறாத புண், காரணமில்லாமல் பல் ஆடுவது, பல் பிடுங்கிய குழி மூடாமல் இருப்பது, அந்தப் பக்கக் காதில் குத்துவலி, உதடோ நாக்கோ மரத்துப்போவது, வலியில்லாத நெறிக்கட்டி: இதில் ஒன்று தெரிந்தாலும் மூன்றாவது வாரம் வரை இருக்க வேண்டாம், மறுநாளே கிளம்புங்கள். பெரும்பாலும் வலி கடைசியில்தான் வரும், அதனால் "வலிக்கிறதா அத்தை?" என்று கேட்டுவிட்டு விளக்கை அணைத்துவிடாதீர்கள்.